துடுப்பைப் புதிதாக வாங்கு, கயாக்கைப் பழசாக வாங்கு

ஸ்காபரோ
புதன் இரவு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின படத்தை அம்மா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா. ஒட்டாவா பம்ப்ஹவுஸ் வாய்க்காலில் தலை முழுக்க நனைந்து, மூக்கில் தண்ணீர் ஏறின முகத்தோடு நீ சிரிக்கிற படம். “பிள்ளைக்குக் குளிராதோ?” என்றுதான் முதலில் கேட்டா. என் கண் உன் கையில் இருந்த துடுப்பில் நின்றுவிட்டது. இரவல் துடுப்பு. உன் உயரத்துக்கு அது ஒரு சாண் கூட.

எந்தக் கயாக் வள்ளம் வாங்கலாம் என்று கேட்டாய். கடைப் பெடியன், அலையில் வித்தை காட்டச் செய்த ஐந்தரை அடிப் புதுப் பிளேபோட் ஒன்றைக் காட்டி, “எப்படியும் இதுக்குத்தான் வரப்போறீங்கள், இப்பவே எடுங்கோ” என்றானாம். எடுக்காதே, பிள்ளை. இந்த வருசம் உன் காசைத் துடுப்பில் போடு. கயாக்கைப் பழசாக, இன்னும் கொஞ்சம் நீளமாக, உன்னை மன்னிக்கிற ஒன்றாகப் பார்த்து வாங்கு. ஏன் என்று சொல்கிறேன்.

2001இல் நான் வாங்கின முதல் கயாக்கை நீ கண்டதில்லை. மஞ்சள் நிறம், மிக வடிவானது. என் நிறை அப்போது 78 கிலோ. அந்தக் கயாக்கோ 70 கிலோவுக்கு மேற்பட்ட ஆளுக்குச் செய்ததல்ல. கால் வைக்க இடம் இல்லையே என்று கேட்டேன். “இறுக்கமாக இருந்தால்தான் விளையாடலாம், போகப் போகப் பழகிவிடும்” என்று விற்றவர் சொன்னார். நம்பினேன். பீச்பேர்க் பக்கம், ஒட்டாவா ஆற்றில் மக்கோய்ஸ் என்கிற பாய்ச்சலுக்குக் கொண்டுபோய் இறக்கினேன். இருபது நிமிடத்தில் இரண்டு பாதமும் விறைத்துவிட்டன. ஆற்றோட்டமும் சுழன்று திரும்புகிற எடி நீரும் சந்திக்கிற எடிக் கோட்டைக் கடக்கும்போது விளிம்பு தண்ணீரில் கொளுவி, கவிழ்ந்தேன். ரோல், அதாவது உள்ளே இருந்தபடியே நிமிர்வது, வரவில்லை. இடுப்பைச் சுற்றிக் கயாக்கின் வாயை மூடுகிற ஸ்கர்ட்டை இழுத்து வெளியே வர, ஒரு கால் உள்ளேயே மாட்டிக்கொண்டு நின்றது. எத்தனை விநாடி என்று தெரியாது. எனக்கு அது நீளமாக இருந்தது. கரைக்கு வந்து எழும்பப் பார்த்தால் பாதம் நிலத்தை உணரவில்லை. பாறையில் முழங்காலில்தான் ஏறினேன்.

அதன் பிறகு இரண்டு கோடை அந்தக் கயாக் கராஜில் கிடந்தது. பயம் என்று யாருக்கும் சொல்லவில்லை, நேரமில்லை என்று சொன்னேன். என்னைத் திரும்ப ஆற்றுக்குக் கொண்டுபோனது என்னோடு வேலை செய்த ஒருவர் தந்த பழைய டாகர் ஆர்பிஎம். தொண்ணூறுகளின் கயாக், இன்றைய பிளேபோட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் நீட்டு வள்ளம் மாதிரி. அதில் கால் நீட்டி இருந்தேன். அலையில் ஏற, எடிக்குள் திரும்ப, பின்புறத்தை அமிழ்த்தி அணியத்தை வானத்துக்குத் தூக்க, எல்லாம் அதில்தான் பழகினேன். (அணியம் என்பது அப்பப்பாவின் சொல். பாசையூர்க் கடலில் வள்ளம் ஓட்டினவர், முன்முனைக்கு வேறு சொல் பாவித்ததில்லை. எனக்கும் வேறு சொல் வாயில் வராது.)

இனித் துடுப்பு. கயாக் மாறிக்கொண்டே இருக்கும். உனக்கே ஐந்து வருசத்தில் மூன்று கயாக் மாறும். துடுப்பு நிற்கும். என் துடுப்பு மூன்று கயாக்கைக் கண்டுவிட்டது.

நீ ஐந்தடி இரண்டு அங்குலம். உனக்கு 188 முதல் 191 சென்ரிமீற்றர் போதும். ஏரியில் வாடகைக்குத் தருகிற 220ஐத் தொடாதே, அது நேராக நெடுந்தூரம் போகிறவர்களுக்கு. அலையில் நிற்கும்போது இடமும் வலமும் கெதியாக மாறி மாறிக் குத்த வேண்டும். நீண்ட துடுப்பு அங்கே பிந்தித்தான் வரும். கவிழ்ந்தால் பாறையில் தட்டும். கடையில் துடுப்பைத் தலைமேல் கிடையாக வைத்துப் பிடி. முழங்கைகள் செங்கோணத்தில் மடிந்திருக்க, கைக்கு வெளியே இரண்டு பக்கமும் அளவாகத் தண்டு மிஞ்ச வேண்டும்.

தண்டின் பருமனை ஆரும் உனக்குச் சொல்லித்தரமாட்டார்கள். பெரும்பாலான தண்டுகள் பெரிய கைக்கு அளவெடுத்தவை. உன் கை அம்மாவின் கை. மெல்லிய தண்டு என்று தனியாக வருகிறது, கேட்டு வாங்கு. பெருவிரலும் சுட்டுவிரலும் தண்டைச் சுற்றித் தொட வேண்டும். தொடாவிட்டால் நாள் முழுக்க நீ இறுக்கிப் பிடிப்பாய், பின்னேரம் முன்னங்கை கல்லாகிவிடும். அலகு, அதாவது துடுப்பின் தட்டை முனை, நடுத்தர அளவில் எடு. பெரிய அலகு ஒவ்வொரு இழுவைக்கும் தோளைக் கேட்கும். இந்த விளையாட்டில் மிகக் கெட்ட காயம் தோள்மூட்டு விலகுவது. கை தலைக்கு மேலே போய்ப் பின்னுக்கு இழுபடும்போதுதான் அது நடக்கும். முழங்கையை எப்போதும் விலாவோடு தாழ வைத்திரு.

இரண்டு அலகுக்கும் இடையிலுள்ள முறுக்கு 30 பாகை, அல்லது அதற்குக் குறைய. நாங்கள் தொடங்கின காலத்தில் 45ம் 60ம் இருந்தன, மணிக்கட்டுத்தான் அதற்கு விலை கொடுத்தது. ஒற்றைத் துண்டுத் துடுப்பில் இந்தக் கோணத்தைப் பிறகு மாற்ற ஏலாது, ஆகவே வாங்குமுன் சொல்லிவிடு. அலகைத் திருப்பிக் கட்டுப்படுத்தும் கை வலது. வளைந்த தண்டு இப்போது வேண்டாம். காபன் இலேசானது, ஆனால் விலை கூட, பம்ப்ஹவுஸில் பாறையும் கூட. பைபர்கிளாஸ் எடு, வேர்னர் செய்கிற எந்த நடுத்தர அலகும் உன்னோடு நெடுநாள் வரும்.

2015இல் ஒட்டாவா ஆற்றின் கார்பரேற்றர் அலையில் உலகப் போட்டி நடந்தபோது உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன், ஞாபகமா? கயாக்குகள் தண்ணீரை விட்டுக் காற்றில் எழும்பிச் சுழன்றதைப் பார்த்து நீ என் கையை நுள்ளினாய். கடைப் பெடியன் காட்டினது அந்த இனம். அணியமும் பின்புறமும் சப்பையாக, நடுவில் மட்டும் பருமன். அந்தச் சப்பை முனையைத் தண்ணீருக்குள் வேண்டுமென்று குத்தத் தெரிந்தவருக்கு அது வரம். தெரியாதவருக்கு, எடிக் கோடு ஒவ்வொன்றும் அந்த முனையைப் பிடித்து இழுக்கும். உன் ரோல் பத்தில் ஐந்து வருகிறது என்றாய். அதில் போனால் நாளில் பாதியை நீந்துவாய், மீதியைத் தண்ணீர் வடிப்பதில் கழிப்பாய். களைத்தவர் படிப்பதில்லை.

ஆறரை முதல் ஏழரை அடிக்குள் பார். ஆற்று விளையாட்டுக் கயாக் என்று சொல்கிற இனம்: அடி தட்டை, விளிம்பு உண்டு, அலையில் சுழலும். அதே நேரம் முன்பக்கம் உருண்டு, நீரின் மேல் ஏறிவிடும். பின்பக்கம் மட்டும் மெலிந்தவையும் இப்போது வருகின்றன, அவையும் உனக்கு நல்லவை. ஆனால் நீளம் என்றதும் பெரிது என்று எண்ணிவிடாதே. உன் நிறை 54 கிலோ. 80 கிலோ ஆணுக்குச் செய்த கயாக்கில் இருந்தால் நீ இடுப்பை அசைத்தாலும் அது அசையாது, விளிம்பில் சாயாது. என் தவறை நீ மறுபக்கத்தால் செய்வாய். ஒவ்வொரு மொடலுக்கும் நிறைக் கணக்கு ஒன்று போட்டிருப்பார்கள். உன் நிறை அதன் நடுவில் விழ வேண்டும். ஜாக்சனின் ‘ஃபன்’ வரிசையில் சிறிய அளவுகள் உண்டு, டாகரிலும் உண்டு. உன் கிளப்பில் விற்பனை அறிவித்தல் ஒட்டுகிற பலகையை ஒருக்கா பார். பனிக்காலத்துக்கு முன்னம் ஆட்கள் விற்பார்கள்.

விற்கிறவரின் வீட்டுக்குப் போகும்போது ஆற்றுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போ. வெறுங்காலோடு இருந்து பார்த்தால் எந்தக் கயாக்கும் அளவுதான். உள்ளே இறங்கி, முதுகுப் பட்டியை இறுக்கி, தொடைப்பிடிக்குள் முழங்காலைக் கொடுத்து, இருபது நிமிடம் இரு. அவரோடு கதை, வெட்கப்படாதே. விறைத்தால் எழும்பி வந்துவிடு. விறைக்காவிட்டால் புல்லில் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி இடுப்பால் மட்டும் நிமிர்த்திப் பார். உன்னோடு சேர்ந்து கயாக் எழும்ப வேண்டும். இடுப்புக்கும் பக்கத்துக்கும் இடையில் வெளி இருந்தால் பரவாயில்லை, ஃபோம் வைத்து அடைக்கலாம். கால் நுனிக்கு இடமில்லாவிட்டால் ஒன்றும் செய்ய ஏலாது.

பிறகு கவிழ்த்துப் பார். கீறல் எத்தனை இருந்தாலும் பயமில்லை, ஆற்றில் ஓடின கயாக் அப்படித்தான் இருக்கும். கதிரைக்கு நேர் கீழே பெருவிரலால் அமத்து. பிளாஸ்ரிக் அங்கேதான் முதலில் தேயும். அமத்தின இடம் உள்ளே போய் அப்படியே நின்றால் வாங்காதே. ஆணித் துவாரங்களைச் சுற்றியும், தண்ணீர் வடிக்கிற மூடியைச் சுற்றியும், நகத்தால் தடவிப் பார். வெடிப்பு கண்ணுக்குப் படாது, நகத்துக்குப் படும். நிறம் வெளுத்து, தொட்டால் மா மாதிரிக் கையில் ஒட்டினால் வருசக்கணக்காக வெயிலில் கிடந்தது என்று அர்த்தம். கதிரைக்குப் பின்னால், கயாக்கை மிதக்க வைக்கிற காற்றுப் பைகள் இல்லாவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லி, அன்றைக்கே வாங்கிப் போடு.

தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் புதிது. ஸ்கர்ட்டைக் கயாக் வாங்கின பிறகு வாங்கு, அது கயாக்கின் வாயின் அளவுக்குப் பொருந்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மாட்டி முடிந்தபின் ஸ்கர்ட்டின் இழுபிடி வெளியே கிடக்கிறதா என்று கையால் தொட்டுப் பார். கண்ணால் பார்த்தது போதாது.

அம்மா கேட்டதற்கு மறுமொழி நீதான் சொல்ல வேண்டும். பனி உருகி ஓடுகிற ஏப்ரல் வெள்ளத்தில் தனியாக இறங்கமாட்டேன் என்று சொல்லு, அவ அதற்குமேல் கேட்கமாட்டா. பனிக்காலத்தில் கிளப்பார் நீச்சல் குளத்தில் ரோல் பழக்குவார்கள், பெயர் கொடு. ஐந்தை எட்டாக்கிக்கொண்டு வந்தால் அடுத்த கோடையில் மக்கோய்ஸில் பேபி ஃபேஸ் அலைக்கு நானே கூட்டிப்போகிறேன். முழங்காலில் ஏறின பாறையையும் காட்டுகிறேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இங்கிருந்து வெளிக்கிடுவேன், பதினொரு மணிக்குள் உன் வாசலில் நிற்பேன். கூரைத் தாங்கியும் பட்டிகளும் என்னிடம் இருக்கு. ஃபோம், பசை, அரம் எல்லாம் பெட்டியில் வைத்துவிட்டேன். விற்கிறவர்களின் விலாசம் இரண்டு மூன்று எடுத்து வை. சப்பாத்தை மறக்காதே.

அன்புடன்
அப்பா