பற்றரிப் பெட்டியை மாற்ற முன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்றறிந்து சந்தோஷம். மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் காரில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிகிறது, ஸ்கானர் பி0ஏ80 என்ற பழுதுக் கோட் காட்டுகிறது, கராஜில் முழு ஹைபிரிட் பற்றரிப் பெட்டியையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்பட்டுக் காசைக் கொடுத்துவிடாதே.

பெட்டிக்குள் 7.2 வோல்ட் மொடியூல் 28 இருக்கிறது, மொத்தம் 201.6 வோல்ட். இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக்காகத்தான் ஈசியூ, அதாவது காரின் கணினி, அளக்கிறது. பிளாக்குகளின் வோல்ட் அளவு ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் இந்தக் கோட் விழும். ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும். ஸ்கானரில் அந்தக் கோட் அழிந்துபோகவும் விடாதே. பழுது வந்த நேரத்து வெப்பம், கரண்ட், சார்ஜ் எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவில் இருக்கும், அதுவும் சேர்ந்து போய்விடும்.

முதலில் சின்ன 12 வோல்ட் பற்றரி. ஓய்ந்திருக்கும்போது 12.6, டாஷ்போர்டில் ரெடி விளக்கு வந்ததும் 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். அது சோர்ந்தால் சம்பந்தமில்லாத கோடுகள் வரிசையாக வரும். பிறகு ஒருவர் ஓட்ட, மற்றவர் ஸ்கானரைப் பார்க்கட்டும். அக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது பக்கத்துப் பிளாக்கைவிட 0.3 வோல்ட்டுக்கு மேல் இறங்கி, பிரேக்கில் அதேபோல அதிகம் ஏறும் பிளாக்கைக் குறித்துக்கொள். பின்சீட்டுப் பக்கத்துக் காற்றுத் துவாரத்தையும் பார். விசிறியில் தூசி அடைத்திருந்தால் நடுவிலுள்ள மொடியூல்கள்தான் முதலில் வெந்து கெடும்.

பெட்டியைத் திறப்பதில் விளையாட்டு வேண்டாம். சாவியைத் தூர வைத்து, 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் கையுறை போட்டு, பெட்டியின் மின்சுற்றைத் துண்டிக்கும் செம்மஞ்சள் சேர்விஸ் பிளக்கை இழுத்து உன் பொக்கற்றிலேயே வைத்துக்கொள். இன்வெர்ட்டர் கப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய 10 நிமிடம் விடு; பிறகும் மீட்டரால் அளந்து பார். பிளக்கைக் கழற்றினாலும் மொடியூல் வரிசையில் நூறு வோல்ட்டுக்கு மேல் உயிரோடுதான் இருக்கும். கையுறையைக் கழற்றாதே.

உள்ளே மொடியூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளைக் கவனி. உப்புக்காற்று படும் ஊர்களில் அவை பச்சையாக, கறுப்பாகப் பூத்திருக்கும். அதனால் வரும் மின்தடையால் நல்ல மொடியூலும் கெட்டதுபோலத் தெரியும். கழற்றி நன்றாகத் தேய்த்து, நட்டை 5.4 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் முடுக்கு. கூடினால் முனை பிளாஸ்டிக்குள் சுற்றிக்கொள்ளும்.

பட்டை கழற்றியிருக்கும்போதே ஒவ்வொரு மொடியூலையும் அள. மற்றவை 7.8 காட்ட ஒன்று 6.6 காட்டினால் அதில் ஒரு செல் செத்துவிட்டது. வெறும் அளவை மட்டும் நம்பாதே; ஒவ்வொரு மொடியூலிலும் 55 வாட் ஹெட்லைட் பல்பை இரண்டு நிமிடம் எரியவிட்டு எது வேகமாக விழுகிறது என்று பார். ஒன்றிரண்டு மட்டும் போயிருந்தால் மீதியோடு ஒத்த கொள்ளளவுள்ள மொடியூல் போடலாம், ஆனால் மற்றவையும் அதே வயதுதான். ஆறேழு தளர்ந்திருந்தால் கராஜ்காரர் சொன்னது சரி, புதிதாகவே போடு.

பெட்டியைத் திரும்பப் பூட்டும்போது சேர்விஸ் பிளக்கின் கைப்பிடியைக் கடைசிவரை தள்ளிப் பூட்டு. அது பூட்டாவிட்டால் ரெடியே வராது, பி0ஏ0டி என்ற கோட் காட்டும்.

14 பிளாக்கின் அளவுகளையும், மிதிக்கும்போதும் பிரேக்கிலும் தனித்தனியாக, எழுதி அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்