சூரைச்செடிக்குக் கீழே

அன்புள்ள மக்கா,

ஸ்தோத்திரம். நீ ராத்திரி இரண்டு மணிக்கு எழுதி அனுப்பியதைக் காலையில் மாடியில் உட்கார்ந்து படித்தேன், முடிக்கும்போது கையில் இருந்த காபி ஆறிப்போயிருந்தது. உடனே போன் பண்ணலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போனில் நீயும் நானும் வெயிலைப் பற்றியும் பிள்ளைகள் படிப்பைப் பற்றியும் பேசி, சரி வைக்கட்டுமா என்று முடித்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன்.

ஊர்ச் செய்தி கொஞ்சம். அம்மாவுக்கு முட்டுவலி கூடியிருக்கிறது, ஆனாலும் கோயிலுக்கு நடந்துதான் வருவேன் என்கிறாள். போன மாதம் கோயிலில் அசனம், அந்தப் பொதுச் சாப்பாடு, நடந்தது. நீயும் நானும் குழம்பு வாளி தூக்கிக்கொண்டு பந்தியில் ஓடிய இடத்தில் இப்போது என் பெரியவன் ஓடுகிறான், பார்க்கும்போது உன் ஞாபகம்தான் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'முழங்கால் போட்டாலே கெட்ட எண்ணம்தான் வருகிறது, நான் ரட்சிக்கப்பட்டவனே இல்லை போல' என்று எழுதியிருந்தாயே, அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் அது நான் எழுதியிருக்க வேண்டிய வரி. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்று வருஷம் நான் போனில் ரம்மி ஆடினேன். ஐம்பது, நூறு என்று ஆரம்பித்து, கடைசியில் ஏலச்சீட்டு எடுத்த பணம் உட்பட ஒரு லட்சத்து எண்பதாயிரம் போனது. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை பிடித்துக்கொண்டு நடக்கிற அதே கை, ராத்திரி போர்வைக்குள் கார்டு தள்ளிக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தபோது ஒழிந்தது சனியன் என்று பெருமூச்சு விட்டேன். ஆட்டம் நின்றது உண்மைதான், எண்ணம் நிற்கவில்லை மக்கா. சம்பளம் வந்த மெசேஜைப் பார்த்தால் போதும், விரல் தானாகப் போனைத் தடவும். அதைவிட மோசம் அதற்குப் பின்னால் வந்த குரல். 'உன் பிள்ளைகள் பணத்தை நாசமாக்கினவன் நீ, உனக்கெல்லாம் ஜெபம் ஒரு கேடா' என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். ஆட வைத்ததும் அந்தக் குரல்தான், ஆடி முடித்ததும் குற்றம் சாட்டியதும் அதே குரல்தான் என்று எனக்கு உறைக்க வெகுநாள் ஆனது.

போன லெந்து நாட்களில், அந்தத் தவக்காலத்தில், எங்கள் சபைப் போதகர் ஐயர் வேதப்பாடத்தில் எவாக்ரியுஸ் என்று ஒரு துறவியைப் பற்றிச் சொன்னார். நாலாம் நூற்றாண்டுக்காரர். கான்ஸ்டான்டினோபிளில் பெயரும் புகழுமாக இருந்த நேரத்தில் திருமணமான ஒரு பெண்மேல் மனம் போய்விட, ஊரை விட்டே ஓடி வந்தவர். எருசலேமில் கொஞ்ச காலம், அப்புறம் எகிப்து வனாந்தரம், 399-இல் அங்கேயே இறந்தார். ஊரை விட்டாலும் எண்ணம் அவரை விடவில்லை. மனுஷனைத் தொந்தரவு பண்ணுகிற எட்டை அவர் வரிசையாக எழுதி வைத்தார், பெருந்தீனி, இச்சை, பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை என்று. பிற்காலத்தில் ஏழு பெரும் பாவங்கள் என்று சொன்னார்களே, அதற்கு வேர் இதுதான். ஆனால் அவர் அவற்றைப் 'பாவங்கள்' என்று சொல்லவில்லை, 'எண்ணங்கள்' என்றுதான் சொன்னார். எண்ணம் வந்து தொல்லை கொடுப்பது நம் கையில் இல்லை, அது உள்ளே தங்குவதும் தங்காததும்தான் நம் கையில் இருக்கிறது என்பது அவர் கண்டது. இதைக் கேட்டபோது பெஞ்சில் உட்கார்ந்தே அழுதேன். இத்தனை நாளும் எண்ணம் வந்ததற்கே நான் கெட்டவன் என்று தண்டித்துக்கொண்டிருந்தேன். நீயும் இப்போது அதைத்தான் செய்கிறாய்.

அதே துறவி இன்னொரு காரியமும் செய்திருக்கிறார். ஒவ்வொரு எண்ணத்துக்கும் திருப்பிச் சொல்ல வேதத்திலிருந்து ஒரு பதில் என்று ஏறக்குறைய 500 பதில்களைத் திரட்டி வைத்தாராம். இது அவராகக் கண்டுபிடித்ததும் இல்லை. மத்தேயு 4-ஐ எடுத்துப் பார். இயேசுவின் நாற்பது நாள் பட்டினிக்குப் பிறகு சோதனைக்காரன் மூன்று தரம் வருகிறான், மூன்று தரமும் ஆண்டவர் பழைய ஏற்பாட்டு உபாகமத்திலிருந்து ஒரு வரி சொல்கிறார். விவாதம் கிடையாது, விளக்கம் கிடையாது. சங்கீதம் 91-ஐச் சொல்லிக்கொண்டு சாத்தானும் வந்தான், அப்போதும் அவர் வாக்குவாதத்தில் இறங்கவில்லை. நான் பண்ணின தப்பே அதுதான், உட்கார்ந்து அதோடு பேச்சுவார்த்தை நடத்துவேன், ஒரே ஒரு ஆட்டம், ஐம்பது ரூபாய் மட்டும் என்று. இப்போது ரோமர் 8:1-ஐ ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அந்தக் குரல் வந்தால் வாய்விட்டுச் சொல்வேன், 'ஆக்கினைத்தீர்ப்பில்லை', எனக்குத் தண்டனைத் தீர்ப்பு இல்லை என்று. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை. சில நாள் ஒரு தரம் போதும், சில நாள் நாற்பது தரம் சொல்ல வேண்டியிருக்கிறது. மந்திரம் மாதிரி சட்டென்று ஓடிவிடும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு உண்மையில் விடுதலை ஆரம்பித்தது அதற்கும் முன்னால், ஒரு ராத்திரி என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னபோதுதான். எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள் குடும்ப ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்று சின்ன வயசிலிருந்து சொல்லி வருகிறோமே, அதில் 'என்னை' என்று இல்லை, 'எங்களை' என்றுதான் இருக்கிறது, கவனித்தாயா? நாற்பத்தேழு வயசில்தான் எனக்கு அது கண்ணில் பட்டது.

அப்புறம் எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கினதைக் கண்ணால் பார்த்தவன், அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் வந்து அவிசுவாசி என்று திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் தூங்குகிறான், மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. கர்த்தர் பேசினதெல்லாம் ஓரேப் மலையில்தான், நாற்பது நாள் நடந்த பிறகு. நீ மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய், கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் வீட்டில் இருக்கிறாய், தங்கச்சி ஊருக்குப் போன பிறகு சாப்பாடும் ஒழுங்காக இருக்காது. அந்த நிலையில் ஜெபம் வரவில்லை என்றால் அதற்கு விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. டாக்டரைப் பார். டாக்டரிடம் போவது கர்த்தர்மேல் நம்பிக்கை இல்லாததால் என்று யாராவது சபையில் சொன்னால் காதில் வாங்காதே, லூக்காவே வைத்தியர்தான்.

'இருந்து என்ன பிரயோஜனம்' என்று கடைசியில் எழுதினாயே, அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த எண்ணம் மறுபடி வந்தால் எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் 14416-க்குப் போன் பண்ணு, அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். வெட்கப்படாதே. நான் வெட்கப்பட்டு மூன்று வருஷம் இழந்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, சனிக்கிழமை காலையில் திருப்பூரில் இருப்பேன். லீவு சொல்லிவிட்டேன், வேண்டாம் என்று சொல்லாதே. உனக்குப் பிடிக்கும் என்று அம்மா முட்டுவலியோடு முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் மக்கா