பிளாக் செய்தால் புகார் செய்ததாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கிரெடிட் கார்டு மோசடிக் கட்டுரை, 'உடனே கார்டை பிளாக் செய்யுங்கள்' என்ற வரியோடு முடிந்துவிட்டது. தகராறு மனுக்களைப் பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு வேலை தொடங்குவதே அந்த வரிக்குப் பிறகுதான். பிளாக் செய்தால் இனிப் போகவிருக்கும் பணம் நிற்கும். போன பணத்தைத் திருப்பிக் கேட்க டிஸ்பியூட் என்று தனியாக ஒரு மனு போட வேண்டும். கஸ்டமர் கேரில் 'பிளாக் பண்ணியாச்சு' என்று சொன்னதும் பலர் விஷயம் முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அதே தொகை வட்டியோடு பில்லில் நிற்கும்போதுதான் விஷயம் தெரிகிறது.

முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். வங்கி ஆப்பில் கார்டை லாக் செய்யும் பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். அது தற்காலிகப் பூட்டுதான். ஏற்கெனவே பதிவான மாதச் சந்தாக்கள் அதைத் தாண்டியும் போகலாம். அடுத்து, கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, 'இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை, கார்டு என் கையில்தான் இருக்கிறது' என்று சொல்லுங்கள். கார்டு தொலைந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். இரண்டும் வெவ்வேறு வகைப் புகார். பேச்சைச் சுருக்குவதற்காக 'கார்டு பழுது, வேறு கொடுங்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பழுதுக்காக மாற்றித் தரும் கார்டு பெரும்பாலும் பழைய எண்ணிலேயே வரும்.

அதே போனில் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். இந்தக் கார்டு போன், வாட்ச் போன்ற எந்தெந்தக் கருவிகளில் சேர்க்கப்பட்டிருக்கிறது, அவை எல்லாவற்றையும் நீக்க முடியுமா என்பது ஒன்று. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் நிலையான கட்டண உத்தரவுகள் என்னென்ன இருக்கின்றன என்பது இன்னொன்று. காரணம் இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும், கார்டு மாறினால் புதிய எண்ணைச் சந்தா வணிகர்களுக்குத் தானாகவே தெரிவிக்கும் சேவை உண்டு. வசதிக்காக வைத்த ஏற்பாடுதான். ஆனால் திருடன் உங்கள் கார்டில் ஒரு சந்தாவைத் தொடங்கியிருந்தால் அது புதிய கார்டிலும் தொடரக்கூடும். போனை வைக்கும் முன் புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மோசடிக்காரன் பேச்சைக் கேட்டுத் திரைப் பகிர்வு ஆப் எதையாவது நிறுவியிருந்தால், இந்த அழைப்புகளை அந்தப் போனிலிருந்து செய்யக் கூடாது. அதை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு வேறு போனை எடுங்கள். காரணமில்லாமல் போனில் சிக்னலே காணோம் என்றால், உங்கள் எண்ணுக்கு வேறு யாரோ சிம் வாங்கியிருக்கலாம். அப்போது வங்கியோடு தொலைபேசி நிறுவனத்தையும் உடனே கூப்பிட வேண்டும்.

மனுவை அன்றைக்கே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு வரி: தேதி, தொகை, ஸ்டேட்மென்ட்டில் உள்ள வணிகர் பெயர் எழுத்து மாறாமல். 'மொத்தம் ஐந்து முறை எடுத்திருக்கிறார்கள்' என்று எழுதினால் போதாது. ஒவ்வொன்றும் தனி வழக்காகத்தான் வணிகரின் வங்கிக்குப் போகும். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். போலீஸிலோ சைபர் குற்றப் பிரிவிலோ கொடுத்த புகாரின் நகல் இருந்தால் இணைத்துவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது 'பெண்டிங்' என்று காட்டும் பரிவர்த்தனையில்தான். அந்த நிலையில் தொகை உங்கள் லிமிட்டில் ஒதுக்கப்பட்டிருக்கும். வணிகர் கைக்கு இன்னும் போயிருக்காது. கணக்கில் ஏறிய பிறகுதான் டிஸ்பியூட் பதிய முடியும் என்று பல வங்கிகள் சொல்லும். சரி என்று விட்டுவிடாமல் மோசடி என்று குறிப்பு எழுதச் சொல்லுங்கள். பிறகு தினமும் பார்த்து, ஏறிய அன்றே மீண்டும் பதியுங்கள். மோசடியில் போன பணத்தை உங்கள் வங்கி வணிகரின் வங்கியிடம் திருப்பிக் கேட்பதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். அதற்கு விசா, மாஸ்டர்கார்டு விதிகள் தரும் கெடு பொதுவாக 120 நாள். ஆனால் அது வங்கிகளுக்கு இடையிலான கணக்கு. உங்கள் வங்கியும் உங்கள் நாட்டுச் சட்டமும் உங்களுக்குத் தரும் கெடு அதைவிடக் குறைவாக இருக்கலாம். நாள் தள்ளத் தள்ள நஷ்டத்தில் உங்கள் பங்கு ஏறும்படியும் சில இடங்களில் விதி உண்டு.

வழக்கு நடக்கும்போது பல வங்கிகள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைப்பதுண்டு. தோற்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், அதை நம்பிச் செலவு வைக்கக் கூடாது. பில்லில் தகராறு இல்லாத பகுதியைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். 'விசாரணை முடியட்டும்' என்று மொத்தத்தையும் நிறுத்தினால் மோசடித் தொகையோடு தாமதக் கட்டணமும் சேரும், கிரெடிட் ஸ்கோரும் இறங்கும்.

மனு போடும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது. ஸ்டேட்மென்ட்டில் வரும் பெயர் பல நேரம் கடைப் பெயராக இருக்காது. தாய் நிறுவனத்தின் பெயரோ கடைக்காக இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயின் பெயரோ இருக்கும். இலவசச் சோதனைக் காலம் முடிந்து தானாகப் புதுப்பித்துக்கொண்ட சந்தாவை மோசடி என்று எழுதினால், கார்டும் போய் வழக்கும் தோற்கும். பொருள் வரவில்லை, பழுதான பொருள் வந்தது என்பவையும் மோசடிப் பிரிவில் சேராது. அவற்றுக்கு முதலில் வணிகருக்கு எழுதி, அந்தக் கடிதப் போக்குவரத்தைச் சான்றாக வைக்க வேண்டும்.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கட்டுரை சொன்னது சரிதான், ஆனால் பாதிதான். ஓடிபி குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் பார்க்கிறோம், சுற்றியிருக்கும் வாக்கியத்தை யாரும் படிப்பதில்லை. எந்த வணிகர், எவ்வளவு தொகை என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். 'பரிவர்த்தனையை ரத்து செய்ய ஓடிபி சொல்லுங்கள்' என்று போனில் ஒருவன் கேட்கும் அதே நிமிடத்தில், உங்கள் திரையில் 'இத்தொகையைச் செலுத்த' என்று எழுதியிருக்கும். ரத்து செய்கிறேன் என்று போன் செய்து ஓடிபி கேட்பவன் வங்கி ஆள் இல்லை. 'உங்கள் கார்டை ஒரு கருவியில் சேர்க்க' என்று வரும் ஓடிபி இதைவிட மோசம். அதைச் சொல்லிவிட்டால் திருடனின் போனே உங்கள் கார்டாகிவிடும். அதன் பிறகு அவன் கடைக்குக் கடை அந்தப் போனை மெஷினில் தட்டிப் பணம் கட்டிக்கொண்டே போகலாம், இன்னொரு ஓடிபி உங்களுக்கு வராமலே போகலாம்.

ஓடிபியோடு நடந்த பரிவர்த்தனையில் வங்கி ஏன் முகத்தைத் திருப்புகிறது என்று கேட்பவர்கள் உண்டு. சரிபார்ப்பு முடிந்த இணையப் பரிவர்த்தனை மோசடி என்று தெரியவந்தால், விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை நிறுவனங்களின் விதிப்படி பொறுப்பு பொதுவாக வணிகரிடமிருந்து கார்டு கொடுத்த வங்கிக்கு வந்துவிடும். வணிகரிடம் திருப்பிக் கேட்கும் வழி வங்கிக்கு அடைபட்டுவிடுகிறது. அதனால்தான் அது உங்களைக் கேள்வி கேட்கிறது. ஏமாந்து சொல்லியிருந்தால் சொன்னேன் என்றே எழுதுங்கள், அழைத்த எண்ணையும் நேரத்தையும் சேர்த்து. மறைத்தால் மனுவின் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

'நான் கார்டு எண்ணை எங்கும் கொடுக்கவே இல்லையே' என்பவர்களுக்கும் இது நடக்கும். 16 இலக்க எண்ணில் முதல் 6 அல்லது 8 இலக்கம் வங்கியைக் குறிப்பது. கடைசி இலக்கம் ஹான்ஸ் பீட்டர் லூன் 1960இல் காப்புரிமை பெற்ற சூத்திரப்படி மற்றவற்றிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண். முதல் 8 தெரிந்துவிட்டால் திருடன் ஊகிக்க மீதி இருப்பது 7 இலக்கம், அதாவது ஒரு கோடி வாய்ப்பு. கார்டில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க ரகசிய எண்ணான சிவிவிக்கு 1,000 வாய்ப்பு, ஐந்தாண்டுக் கார்டின் காலாவதி மாதத்துக்கு வெறும் 60. இதை மனிதன் உட்கார்ந்து செய்வதில்லை, மென்பொருள் செய்கிறது. எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க முதலில் மிகச் சிறிய தொகையை எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே பில்லில் அறியாத பெயரில் அற்பத் தொகை ஒன்று வந்தால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எச்சரிக்கைச் செய்தி எந்தத் தொகைக்கும் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தொகைக்கு மட்டும் என்று வைத்தால் இந்த ஒத்திகை கண்ணில் படாது.

கடை மெஷினில் சிப் செருகினாலும் தட்டினாலும் ஒவ்வொரு முறையும் புதிய குறியீடு உருவாகிறது. அதை நகலெடுத்து மறுபடி பயன்படுத்த முடியாது. காந்தப் பட்டையில் இருப்பதோ என்றும் மாறாத தகவல். அதனால் 'சிப் வேலை செய்யவில்லை, தேய்த்துவிடுகிறேன்' என்று கடையில் சொன்னால் வேறு வழியில் கட்டுவது நல்லது. ஏடிஎம்மில் பின் எண்ணை மறு கையால் மூடி அழுத்துங்கள். பட்டையை நகலெடுக்கும் கும்பல் பின் எண் தெரியாமல் ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாது, அதைப் பெரும்பாலும் ஒளித்து வைத்த கேமராவில்தான் பிடிக்கிறார்கள். தட்டிக் கட்டும் அலை சில சென்டிமீட்டருக்குள்தான் எட்டும், அச்சிட்ட சிவிவி அதில் போவதும் இல்லை. அலைத் தடுப்பு பர்ஸ் விற்பவர்கள் கோபித்துக்கொள்ளலாம். எங்கள் கணக்கில் அது வீண் செலவு.

அன்றாடத்துக்கு எங்கள் யோசனை இதுதான். இணையத்துக்கென்று குறைந்த லிமிட்டில் ஒரு கார்டு தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வைத்து, தேவைப்படும் நாளில் மட்டும் திறங்கள். ஓடிபியே கேட்காத வணிகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். டெபிட் கார்டை ஏடிஎம்மோடு நிறுத்துங்கள். கிரெடிட் கார்டில் தகராறு என்றால் விவாதத்தில் இருப்பது வங்கியின் பணம். டெபிட்டில் விசாரணை முடியும்வரை காலியாகக் கிடப்பது உங்கள் கணக்கு. பரிவர்த்தனை முடிந்த பிறகு சிவிவியைச் சேமித்து வைக்க வணிகர்களுக்கு அட்டைத் துறைப் பாதுகாப்பு விதி அனுமதி தருவதில்லை. கார்டின் இருபக்கப் படம் அனுப்பச் சொல்லும் கடையை விட்டு விலகுங்கள்.

கடைசியாக, கட்டுரையில் ஒரு வரி: 'வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடி அழையுங்கள்' என்று இருந்தது. பதறிப்போய்த் தேடுகிறவர்களுக்காகவே போலி உதவி எண்களை இணையத்தில் பரப்பி வைத்திருக்கிறார்கள். முதல் மோசடியில் தப்பியவர்கள்கூட அங்கே அழைத்து மாட்டிக்கொள்கிறார்கள். கார்டின் பின்பக்கத்து எண்ணை இன்றே போனில் சேமித்து வைக்கச் சொல்லி, அந்த வரிக்கு மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
அட்டைத் தகராறு மனுக்களைக் கையாளும் வாசகர்கள்