வின்ச் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வண்டியின் மூக்கில் பூட்டி, வடத்தை மரத்தில் கட்டிச் சுருட்டி, சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கிற மோட்டார்தான் வின்ச். அதை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. இப்போதைக்கு வேண்டாம். இந்த ஒரு வரியை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் சேற்றுப் பாதையில் வண்டி ஓட்டுகிற நம் சிங்கப்பூர்க் குழுவில் புதிதாகச் சேருகிற எல்லாரும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். அதனால் நாலு பேர் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

முதலில் உன் ஜிம்னி, சுசுகியின் அந்தச் சின்ன நான்கு சக்கர இழுவை வண்டி. போன பயணத்தில் அது சேற்றில் மாட்டிக்கொண்டதும் வண்டி சரியில்லையோ என்று உன் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். 2018-இல் வந்த அந்த மாடலில் இன்றும் அடியில் ஏணி போன்ற உறுதியான இரும்புச் சட்டம் இருக்கிறது. நான்கு சக்கரமும் மெதுவாக, முழு வலுவோடு இழுக்கிற 4எல் கியரைப் போடத் தனிக் கம்பி இருக்கிறது. எடை ஏறக்குறைய 1,100 கிலோதான். சேற்றில் எடை குறைந்த வண்டிக்குத்தான் யோகம். அன்றைக்கு உன்னைக் கவிழ்த்தது உனக்கு முன்னால் போன பெரிய வண்டிகளின் தடம். முன்னேர் போன வழியே பின்னேர் என்பதெல்லாம் வயலுக்குச் சரி. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் அவர்கள் இரண்டு பக்கமும் பள்ளம் பறித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஜிம்னியின் சக்கர இடைவெளியோ குறுகல். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறுபக்கம் நடுமேட்டில் ஏறிக்கொள்ளும். நீயும் அப்படித்தான் சாய்ந்தாய், அச்சின் நடுவில் தொங்குகிற டிஃபரென்ஷியல் மண்ணில் உட்கார்ந்தது. அடுத்த முறை பள்ளத்துக்குள் இறங்காதே. ஒரு சக்கரம் நடுமேட்டிலும் இன்னொன்று பள்ளத்துக்கு வெளிக்கரையிலும் ஓடட்டும். சில இடத்தில் அதற்கு வழி இருக்காது, அங்கே மண்வெட்டிதான்.

மாட்டியதும் நீ செய்ததைச் சொல்கிறேன். ஆக்சிலரேட்டரை மிதித்தாய். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். மழை பெய்து ஊறிய செம்மண் டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டால், எவ்வளவு காசு கொடுத்து வாங்கிய மட் டயரும் எண்ணெய் தடவிய பூசணிக்காய்தான். சுற்றச் சுற்றக் கீழே தோண்டும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியும் வண்டி நகரவில்லையா, காலை எடுத்துவிட்டு இறங்கு. டயரில் காற்றைப் பார். காலையில் எல்லாரும் 20 பிஎஸ்ஐக்கு இறக்கும்போது நீ மட்டும், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்று 30-லேயே நின்றாய். 20-க்கெல்லாம் கழலாது. காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மண்ணைப் பிடிக்கும். தார்ச்சாலைக்கு ஏறுமுன் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தார்ச்சாலை வந்ததும் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற 2எச்-க்கு மாற்றவும் மறக்காதே. காய்ந்த சாலையில் நான்கு சக்கரமும் இழுக்கிற 4எச்-இலேயே வளைந்து திரும்பினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். கியர்தான் அடி வாங்கும்.

இனி நான் கத்திய விஷயம். வண்டியை இழுக்கக் கயிறு மாட்டி எல்லாரும் விலகி நின்றபோது, நீ போனில் படம் பிடித்துக்கொண்டே கயிற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாய். "டேய், நில்லு!" என்று கத்தினேன். உனக்கு முகம் சுருங்கிவிட்டது. பெண்கள், பிள்ளைகள் முன்னால் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம் என்று பிறகு ஒருவர் என்னிடம் சொன்னார். நான் மறுபடியும் கத்துவேன்.

அந்தக் கயிறு சும்மா நைலான் கயிறு இல்லை. இழுத்தால் இருபது முப்பது சதவீதம் நீளும். முன்னால் இருக்கிற வண்டி ஓடிப்போய் அதை நீட்டும், அந்த விசை திரும்பிச் சுருங்கும்போதுதான் மாட்டிய வண்டி பிடுங்கிக்கொண்டு வெளியே வருகிறது. கயிறு நன்றாகத்தான் இருக்கும். மாட்டியிருக்கிற கொக்கி விட்டால்? அந்த இரும்பு கண்ணாடியை உடைத்து உள்ளே வரும். ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் இழுக்கிற இரும்புக் குண்டில் கயிற்றை மாட்டி இழுத்து, அது பிய்த்துக்கொண்டு போய் ஆட்கள் செத்திருக்கிறார்கள். வண்டிக்கு அடியில் தெரிகிற வளையமெல்லாம் இழுக்கிற வளையமும் இல்லை. கப்பலில் வரும்போது வண்டியைக் கட்டிவைக்க என்றே சில வளையங்கள் உண்டு. இந்த வாரம் கீழே பாய் விரித்துப் படுத்து, உன் வண்டியில் எது எது என்று பார்த்து வை. சேற்றில் முழங்கால் புதைந்து நிற்கும்போது அதைத் தேட முடியாது.

அன்றைக்கு வழிகாட்டி நின்ற அக்காவைக் கவனித்தாயா? இழுக்காதே என்று கையைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். ஓட்டுநர் ஹாரன் அடித்தும் இறக்கவில்லை. கயிறு விட்டால் பறக்காமல் அமுக்க அதன் நடுவில் ஈரக் கோணியைப் போட்டு, கடைசி ஆளும் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளிப் போன பிறகு, அப்புறம்தான் கையை இறக்கினார். அந்த அரை நிமிடம் உனக்குச் சலிப்பாக இருந்திருக்கும். என்னைக் கேட்டால் அன்றைய நாளில் நல்ல ஓட்டம் என்று அதைத்தான் சொல்வேன்.

இரண்டு இழுவைப் பட்டையைச் சேர்க்க வேண்டி வந்தால் நடுவில் ஷாக்கிள் என்கிற இரும்புக் கொக்கியைப் போடாதே, அறுந்தால் அது பறக்கும். ஒரு பட்டையின் முனையில் இருக்கிற கண்ணுக்குள் இன்னொன்றை நுழைத்துக் கோத்து, கண்ணிக்குள் சுருட்டிய தமிழ் முரசு நாளிதழ் ஒன்றைச் செருகு. இறுகிப்போன முடிச்சைப் பிறகு பிரிக்க அதுதான் வழி. தாளை வாங்கி மறுநாளும் பயன்படுத்துகிற ஒரே ஆள் நான்தான் என்று என் மனைவி சொல்வாள்.

வின்ச் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. தனியாகப் போகிறவனுக்கு அதுதான் உயிர். பதறாமல், மெதுவாக இழுக்கும். ஆனால் நாம் தனியாகப் போவதே இல்லை. இங்கே சிங்கப்பூரில் இருக்கிற காட்டுக்குள் வண்டியை விட முடியாது என்பதால் எப்போதும் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர், எப்போதும் வரிசையாக ஐந்தாறு வண்டி. அந்த லேசான மூக்கில் முப்பது நாற்பது கிலோ இரும்பை ஏற்றினால் ஜிம்னியின் யோகமே போய்விடும். அப்புறம் எதில் கட்டுவாய்? செம்பனைக்கு ஆழமாக ஓடுகிற ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். இளமரமாக இருந்தால் வண்டிக்குப் பதில் மரம்தான் வெளியே வரும். அது தோட்டத்துக்காரர் சொத்து, அவர் அனுமதியில்தான் நாம் உள்ளே போகிறோம்.

சிங்கப்பூரில் வண்டி வைத்துக்கொள்ள வாங்குகிற உரிமைச் சான்றிதழான சிஓஇ-க்குக் கொடுத்த காசில் ஊரில் நிலம் வாங்கியிருக்கலாம் என்று அம்மா திட்டுவதாகச் சொன்னாய். அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. அதனால் காசை இப்படிச் செலவு பண்ணு: நீளும் கயிறு ஒன்று, 4.75 டன் என்று பொறித்த ஷாக்கிள் இரண்டு, குட்டை மண்வெட்டி, காற்றடிக்கிற பம்ப், முழங்கால் உயர பூட்ஸ். செருப்போடு வராதே. வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள் டயரையே குத்தும். தேங்கிய தண்ணீரில் எலிக் காய்ச்சல் வேறு. காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது. ஓடையைக் கடக்குமுன் ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நமக்கு அது தலைகீழ்: பூட்ஸ் போட்ட காலை விட்டு ஆழம் பார்த்த பிறகுதான் வண்டி. இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை படி, தார்ச்சாலைக்கு வெளியே நடப்பதைப் பலதும் ஏற்பதில்லை.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். எல்லைச் சாவடியான துவாஸில் பெட்ரோல் டேங்க் முக்கால் இருக்க வேண்டும், மலேசியாவுக்குள் வண்டி நுழைகிற அனுமதியான விஇபி ஒட்டியிருக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அது இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். பசியாற ஜொகூரின் கூலாய் ஊரில் நிற்போம். அங்கே ரொட்டி சானாய் என்று கேள், பரோட்டா என்றால் கடைக்காரர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அடுத்த பயணத்தில் நீ ஓட்ட வேண்டாம் என்று குழுவில் பேசியிருக்கிறேன். உன் வண்டி வரட்டும், வேறொருவர் ஓட்டுவார். நீ அக்காவுக்குப் பக்கத்தில் நில். கையைத் தூக்குவது உன் வேலை.

அன்புடன்,
அண்ணன்