கிளாப்டனின் கார்வை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. கிப்ஸன் கிதாரைக் கைவிட்டு ஃபெண்டர் கிதாருக்கு மாறிய நாளிலேயே ஆங்கிலேய கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் தன் ஒலியையும் கைவிட்டுவிட்டார் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருந்தாய் அல்லவா, அதற்கு மறுப்பு எழுதுமுன் எல்லாவற்றையும் இன்னொரு முறை கேட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். 1966 தொடங்கி 2005 வரை வரிசையாகக் கேட்டு முடிக்க இத்தனை நாள் பிடித்தது. இடக்காது இரைச்சல் இப்போது தணிந்திருக்கிறது என்றாலும், ஹெட்ஃபோனை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் மாட்டக் கூடாது என்று மருத்துவர் கட்டளையிட்டிருக்கிறார். அந்த ஒரு மணி நேரம் முழுவதையும் உன் வரிக்காகவே செலவழித்தேன்.

முதலில் உன் கட்சியின் பலத்தை ஒப்புக்கொள்கிறேன். ஜான் மேயாலின் குழுவோடு லண்டனில் டெக்கா ஸ்டுடியோவில் 1966இல் பதிவான அந்த இசைத்தட்டுக்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கடினம். கிளாப்டனுக்கு அப்போது வயது 21. கையில் இருந்ததோ கிப்ஸன் நிறுவனமே 1960இல் உற்பத்தியை நிறுத்திவிட்ட லெஸ் பால் என்ற கிதார். எதிரே இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள் பூட்டிய 45 வாட் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர். ஸ்டுடியோவுக்குள் கிதாரை அடக்கி வாசிப்பதே அன்றைய வழக்கமாக இருக்க, இவர் மேடையில் வைக்கும் அதே சத்தத்தில்தான் வாசிப்பேன் என்று நின்றுவிட்டார். ஒலிப்பதிவாளர் கஸ் டட்ஜனுக்கு அது பெரிய தலைவலியாயிற்று. ஆனால் அந்தப் பிடிவாதத்தில்தான் எல்லாம் இருந்தது என்பது என் எண்ணம். வால்வு ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைவரை முறுக்கினால் ஒரு கட்டத்துக்குமேல் சத்தம் பெருகாது, தடிக்கத் தொடங்கும். ஸ்வரத்தின் தலை சற்று மழுங்கி, வால் நீண்டுவிடும். ஸ்பீக்கரிலிருந்து வரும் காற்றதிர்வு கிதாரின் தந்தியையே திரும்ப அதிரவைக்கும் நிலையில், விரலை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஸ்வரம் நிற்கும். நம் சங்கீதத்தில் கார்வை என்கிறோமே, அதை ஒரு தந்தி வாத்தியத்துக்கு மின்சாரம் வாங்கிக்கொடுத்தது. நிறுத்திய லெஸ் பாலை கிப்ஸன் 1968இல் மறுபடி செய்யத் தொடங்கியதற்கு இந்த ஒலியின்மேல் வாசிப்பவர்களுக்குப் பிறந்த மோகமும் ஒரு காரணம்.

அந்த லெஸ் பாலை கிளாப்டன் கைவிடவில்லை என்பதை நீ மறந்துவிட்டாய். மேயாலை விட்டு வந்து வேறு இருவரோடு அவர் சேர்த்த கிரீம் என்ற மூவர் குழு தொடங்கிய புதிதில், ஒத்திகை நாட்களில், யாரோ அதைத் திருடிக்கொண்டு போனார்கள். அடுத்து வந்தது வண்ணங்களால் ஓவியம் தீட்டிய எஸ்ஜி என்ற இன்னொரு கிப்ஸன், கூடவே 100 வாட் மார்ஷல். 'வுமன் டோன்' என்று அவரே பெயர் வைத்த ஒலி இந்தக் காலத்தது. 1968இல் படமாக்கப்பட்ட ஒரு பேட்டியில் அதை அவரே வாசித்து விளக்குகிறார். செய்முறை சிறுபிள்ளைத்தனமானது. கிதாரின் டோன் குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கி, வால்யூமை முழுக்க ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் முயன்றேன். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்களில் கழுத்துப் பக்கத்ததைத் தேர்ந்து, டோன் குமிழைக் கடைசிவரை திருகி, வீட்டாருக்குப் பயந்து ஆம்ப்ளிஃபயரைக் குறைந்த சத்தத்தில் வைத்து வாசித்தபோது, தலைவரை கம்பளி போர்த்திக்கொண்டு ஒருவர் பேசுவதைப் போல இருந்தது. கெட்டுப்போன ஒலி என்றே நினைத்தேன். வீட்டில் எல்லோரும் வெளியே போனதும் ஆம்ப்ளிஃபயரின் குமிழை எட்டுக்கு ஏற்றினேன். அதே மங்கல் ஒலி சட்டென்று வாய் திறந்து பாடியது! இத்தனை வருடம் இதை நான் தவறாகவே புரிந்துவைத்திருந்தேன். டோன் குமிழ் கிதாரிலேயே கூர்மையை வழித்து எடுத்துவிடுகிறது. கூர்மை போன அந்த ஒலியை ஆம்ப்ளிஃபயர் சிதைக்கும்போது புதிய மேல்சுரங்கள் அதற்குப் பிறகு முளைக்கின்றன. வரிசையைத் திருப்பிப் போட்டால், அதாவது சிதைத்த பிறகு மழுக்கினால், கிடைப்பது வெறும் கம்பளிதான்.

இனி உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 1970இல் மயாமியில் கிரைட்டீரியா ஸ்டுடியோவில் 'லைலா' இசைத்தட்டு பதிவானபோது அவர் கையில் இருந்தது 'பிரவுனி' என்று அழைக்கப்பட்ட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இதன் பிக்கப்பில் ஒரே சுருள்தான். லெஸ் பாலில் இரண்டு சுருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து இரைச்சலைத் தின்று ஒலிக்குச் சதை போடுகின்றன. ஸ்ட்ராட்டில், அதாவது இந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில், எலும்பு தெரியும். தந்தியின் நீளமும் 24¾ அங்குலத்திலிருந்து 25½ அங்குலமாகக் கூடுவதால் இழுவை இறுகி, ஸ்வரம் கண்ணாடிச் சில்லுபோல் பளிச்சென்று பிறந்து சீக்கிரம் வடிகிறது. நீ இழப்பு என்று சொல்வது இந்த வடிதலைத்தான். ஆனால் ஒன்றைக் கவனி. அந்தப் பதிவுக்கு அவர் மார்ஷல் கோபுரத்தைக் கொண்டுபோகவில்லை; ஒரே ஸ்பீக்கர் வைத்த, கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஃபெண்டர் சாம்ப் என்ற ஆம்ப்ளிஃபயரை வைத்து வாசித்தார். சிறிய ஆம்ப்ளிஃபயர் சுலபமாக எல்லையைத் தொட்டுவிடும். 1966இல் ஸ்டுடியோவே அதிரத் தேவைப்பட்ட காரியத்தை ஒரு சின்னப் பெட்டி முடித்துவிட்டது. கிதார் மாறினாலும், பெட்டியை மூச்சுத் திணற வைத்து வாசிக்கும் பழக்கம் மாறவில்லை. தானாக நிற்காத கார்வையை அவர் விரல் அசைவால் நிறுத்தி வைக்கிறார். இடக்கையின் கமகம் இந்தப் பதிவில் முன்னைவிட அகலமாகக் கேட்பது என் கற்பனை என்று சொல்லாதே, மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அதன் பிறகு வந்த 'பிளாக்கி'யைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாஷ்வில்லில் வாங்கிய ஸ்ட்ராட்களில் மூன்றைப் பிரித்து, நல்ல பாகங்களை ஒன்றாகக் கோத்துச் செய்துகொண்ட அந்தக் கறுப்புக் கிதாரை அவர் 1985வரை வாசித்துவந்தார். எழுபதுகளின் நடுவில் ஒலி மெலிந்தது உண்மை. அவர் அப்போது பாடகராகியிருந்தார், கிதார் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அந்த வருடங்களை நீ கேட்காமல் தாண்டிப் போனால் நான் தடுக்கப்போவதில்லை.

எனக்குச் சுவையாகப்படுவது 1988. ஃபெண்டர் நிறுவனம் அவர் பெயரில் ஒரு ஸ்ட்ராட்டை வெளியிட்டது. ஒரு கலைஞரின் பெயரில் அந்நிறுவனம் வெளியிட்ட முதல் ஸ்ட்ராட் அது. அதற்குள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சுற்று இருக்கிறது. கடைசிக் குமிழைத் திருகினால் நடு அதிர்வெண்கள் 25 டெசிபல்வரை எழும்பும். அது எதற்கு என்று யோசித்துப் பார். மெலிந்த ஒற்றைச் சுருள் கிதாரின் வயிற்றுக்குள் தடித்த கிப்ஸனின் ஒலியை ஒளித்துவைக்கும் ஏற்பாடு அது என்றே எனக்குப் படுகிறது. நீ சொல்வதுபோல் அவர் கைவிட்டிருந்தால், பதினெட்டு வருடம் கழித்து அதைத் தேடி ஒரு குமிழ் ஏன் முளைக்க வேண்டும்? அந்தக் குமிழை முழுக்கத் திறந்துவைத்து 1990, 1991இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்த பதிவுகள் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கார்வை இருக்கிறது, ஆனால் மெழுகு பூசியதுபோல் எல்லா ஸ்வரமும் ஒரே வழவழப்பு. இந்த ஒரு இடத்தில் நீயும் நானும் ஒரே கட்சி.

கடைசியாக ஒரு சோதனை. கிரீம் குழு தன் விடைபெறும் கச்சேரியை 1968 நவம்பரில் நடத்தியது ராயல் ஆல்பர்ட் ஹாலில். மூவரும் மீண்டும் சேர்ந்து 2005 மே மாதத்தில் வாசித்ததும் அதே அரங்கில்தான். முதல் கச்சேரியில் சிவப்பு கிப்ஸன் ஈஎஸ்-335உம் மார்ஷலும். இரண்டாவதில் ஸ்ட்ராட்டும் ஃபெண்டர் ட்வின் ஆம்ப்ளிஃபயரும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். 1968இல் ஒரு ஸ்வரம் முடியுமுன் அடுத்தது அதன்மேல் ஏறிவிடுகிறது, டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. 2005இல் அவரே ஸ்வரத்தை வெட்டி நிறுத்திவிட்டு, பேஸ் பதில் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார். கிதார் மாறியதால் அப்படி வாசித்தாரா, அப்படி வாசிக்க விரும்பியதால் கிதாரை மாற்றினாரா என்று இரவு வெகுநேரம் யோசித்தேன். இரண்டாவதுதான் சரி என்று என் காது சொல்கிறது. உன் காது என்ன சொல்கிறது என்று எழுது. தட்டை மட்டும் ஒன்று மாற்றி ஒன்று உடனே போட்டுக் கேள், இடையில் ஒரு நாள் விட்டால் ஞாபகம் பொய் சொல்லும்.

என் கிதாரின் டோன் குமிழை இன்னும் பூஜ்யத்திலேயே வைத்திருக்கிறேன். நீ வந்து வாசித்துப் பார்க்கும்வரை அதைத் தொடமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்