குழல் எங்கே போயிற்று?

அப்புத்தளை,
ஞாயிறு மாலை.

அன்பு மகளுக்கு,

ஸ்பீக்கர் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதன் பிளக் நம் வீட்டுச் சுவரில் பொருந்தவில்லை. பண்டாரவளைக்குப் போய் வேறொன்று வாங்கி வந்தேன். நீ அனுப்பிய பாட்டுகளையும் கேட்டேன். மூன்று இரவு கேட்டேன். "எப்படியப்பா இருக்கிறது?" என்று நீ தொலைபேசியில் இரண்டு முறை கேட்டபோதும், காற்று இரைகிறது, ஒன்றும் விளங்கவில்லை என்று மழுப்பினேன். காற்று இரைந்தது உண்மைதான், ஆடி மாதமல்லவா. ஆனால் உன் குரல் நன்றாகவே கேட்டது. அது மனதை அரித்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

எனக்குப் பிடிக்கவில்லை, அம்மா.

பாடியவர் பெயரை எழுதக்கூட மனம் வரவில்லை. யாரென்று உனக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகளாக இந்த வீட்டில் அவரை ஒருவர் குறை சொல்ல நான் விட்டதில்லை. உன் சித்தப்பாவோடு ஒரு தீபாவளி முழுக்கப் பேசாமல் இருந்ததும் அவருக்காகத்தான். அப்படிப்பட்டவர், தனக்கு மூத்தவர்கள் பாடிய பன்னிரண்டு பாட்டுகளை எடுத்து, வெளிநாட்டு வாத்தியக் குழுவை வைத்துப் பாடியிருக்கிறார் என்றதும் எப்படிக் காத்திருந்திருப்பேன் என்று நினைத்துப் பார்.

முதலில் கண்டுபிடித்தது உன் அம்மாதான். இரண்டாவது பாட்டில், பல்லவி முடிந்து சரணம் தொடங்குமுன் ஒரு புல்லாங்குழல் துண்டு வருமே, அவள் அடுப்பு மூட்டும்போது மூக்கால் முனகுவாளே, அது. அந்த இடம் வந்ததும் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். கொம்பு வாத்தியங்கள் எட்டுப் பத்துச் சேர்ந்து முழங்கின. "குழல் எங்கே போயிற்று?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மறுபடி துருவத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பாட்டைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பாட்டுகளெல்லாம் எனக்கு வானொலியில் வந்தவை. 1967இல் அது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆன பிறகும் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் அதற்குச் சிலோன் ரேடியோ என்றே பெயர். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு. பேட்டரி கிடைப்பது குதிரைக்கொம்பு. உன் தாத்தா தீர்ந்துபோன பேட்டரிகளை மடியில் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு, அதுதான் தேயிலை ஆலைக்கு, போவார். தேயிலை உலர்த்தும் டிரையர் பக்கத்துச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து வருவார். அந்தச் சூட்டுக்கு நான்கு பாட்டு ஓடும். ஐந்தாவதில் குரல் நூலாக இளைத்து மறைந்துவிடும். நான்கு பாட்டுத்தான் என்று தெரிந்தால் எப்படிக் கேட்போம், சொல்! பாடகர் எந்தச் சொல்லுக்குப் பிறகு மூச்சு வாங்குகிறார், தபேலா எந்த இடத்தில் அவரைத் திரும்பப் பல்லவிக்கு அழைத்து வருகிறது, எல்லாம் மனப்பாடம்.

இந்த ஆல்பத்தில் அந்த மூச்சுக்கு இடமே இல்லை. அவர் வாயை மூடினால் போதும், வயலின்கள் பொங்கி வந்து அந்த இடத்தை அடைத்துவிடுகின்றன. குழைந்து இறங்க வேண்டிய சுரங்களைப் படிக்கட்டில் இறங்குவதுபோல் ஒவ்வொன்றாக மிதித்து இறங்குகிறார். வாத்தியக் குழு சுரம் எழுதிய தாளை விட்டு நகராது. அவரும் அதற்குக் கட்டுப்பட்டுவிட்டார்.

நான் வயலினுக்கு எதிரியில்லை. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரில் ராமமூர்த்தியே வயலின்காரர்தான். 2005இல் இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவை வைத்துத் திருவாசகம் செய்தபோது, அந்த சிடியை நான் தேய்த்தது உனக்கு நினைவிருக்கும். அங்கே அந்த வாத்தியங்களுக்கென்றே மெட்டு பிறந்தது. இங்கே ஏற்கெனவே நிறைந்திருக்கும் சட்டிக்குள் இன்னொரு சட்டிக் குழம்பை ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் ஒரே கூடத்தில் இருந்து பதிவு செய்தார்கள். ஒருவர் தப்பினால் எல்லாரும் முதலிலிருந்து. அந்தப் பயம் பாட்டில் கேட்கும். இதில் யாருக்கும் யார் மீதும் பயமில்லை.

வெள்ளைக்காரர்களிடமும் இது இப்போது வழக்கம் என்றாய். எல்விஸ் பிரெஸ்லி 1977இல் இறந்தவர். அவருடைய பழைய குரலோடு லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் குழுவின் வாசிப்பைச் சேர்த்து 2015இல் வெளியிட்டதாகச் சொன்னாய். செத்தவர் என்ன செய்வார், பாவம். நம்மவர் உயிரோடு நின்று தலையாட்டியிருக்கிறாரே!

முப்பத்தொரு வருடம் ஸ்டோரில் தேயிலை பக்குவம் பார்க்கும் டீமேக்கராக இருந்தவன் எனக்கு இதைச் சொல்ல ஒரு வழிதான் தெரியும். அரைத்த கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை வாடை போய்ப் பழ வாசனை எழும்பும். அந்த நேரத்தில் டிரையருக்குள் போட வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டால் சாயம் நன்றாகக் கறுக்கும், பார்க்க அழகாக இருக்கும், வாயில் வைத்தால் சப்பென்றிருக்கும். இந்தப் பன்னிரண்டு பாட்டும் நல்ல கறுப்புச் சாயம்.

பன்னிரண்டும் என்று சொன்னது தவறு. ஏழாவது வேறு. அதில் ஒரே ஒரு செலோ. மற்றவர்களுக்கு அன்று ஓய்வு போலும். சுருதியையும் இறக்கிவிட்டார். மேலே போகும் இடத்தில் குரல் லேசாகக் கிழிகிறது. அதை மறைக்க ஆளில்லை, அவரும் மறைக்கவில்லை. வயதாகிவிட்டது அவருக்கு. எனக்கும்தான். அதை நான்கு முறை கேட்டேன். நான்காவது முறை உன் அம்மாவும் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

நீ செலவழித்து அனுப்பியதைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. ஸ்பீக்கர் அருமை, சுப்ரபாதம் போட்டால் கீழ் லயம் வரைக்கும் கேட்கிறதாம்.

இன்னொன்று. ஏழாவது பாட்டை மட்டும் போனில் தனியாக வைத்துத் தரும்படி பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டேன். அவன் எதையோ அழுத்தினான், பன்னிரண்டும் அழிந்துவிட்டன. சத்தியமாக நான் சொல்லிச் செய்யவில்லை. ஏழாவதை மட்டும் திரும்ப அனுப்பு.

அன்புடன்,
அப்பா