ரீமேப் போடுவதற்கு முன்னால், கண்ணு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பின வீடியோவை நேற்று ராத்திரி ஏழெட்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஆக்டேவியா ஆர்எஸ், 2017 மாடல், 230 குதிரைத் திறன். நல்ல வண்டி, நன்றாகத் தேடித்தான் பிடித்திருக்கிறாய். வாங்கி மூன்று வாரம் ஆகவில்லை, அதற்குள் "ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டால் 290 வருமாம், போடட்டுமாப்பா?" என்று கேட்கிறாய். எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியுவில் இருக்கும் எண்களை மாற்றி எழுதுவதுதானே இந்த ரீமேப். போனில் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல மனசு வரவில்லை. அதுதான் பட்டறையைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

உன் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஒரு சுற்று சுற்ற 10 மில்லிசெகண்ட்தான் ஆகும். நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு நொடியில் 200 தடவை பிளக் பொறி விட வேண்டும். ஒவ்வொன்றும் எந்த டிகிரியில் விடுவது என்று ஈசியு எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? கிராங்கோடு சுற்றும் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், அதில் இரண்டு பல் இருக்காது. அந்தப் பொக்கை சென்சாரைத் தாண்டும்போதெல்லாம் கிராங்க் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். அங்கிருந்து ஒரு பல்லுக்கு 6 டிகிரி என்று எண்ணிக்கொண்டே போகும். பிஸ்டன் மேலே வருவது கம்ப்ரஷனிலா எக்சாஸ்ட்டிலா என்பதைக் கேம் சென்சார் சொல்லும்.

அப்புறம் பெட்ரோல். சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் இருக்கும் பிரஷரையும் காற்றின் சூட்டையும் வைத்து, உள்ளே போன காற்று எத்தனை மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு, இன்ஜெக்டரை அதற்குத் தகுந்த நேரம் திறந்து வைக்கும். சுத்தமான பெட்ரோல் என்றால் 1 கிராமுக்கு 14.7 கிராம் காற்று. இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது 13.5 பக்கம் இறங்கிவிடும், அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் விட வேண்டும். சைலன்சர் பக்கம் இருக்கும் லாம்ப்டா சென்சார் புகையைப் பார்த்து, 'குறைகிறது, இன்னும் கொஞ்சம் விடு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நீ மிதிக்கும் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் கேபிள் கிடையாது. நீ மிதிப்பது இவ்வளவு டார்க் வேண்டும் என்ற கேள்வி மட்டும்தான். அதைக் கொடுக்க த்ராட்டிலை எவ்வளவு திறப்பது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவை எவ்வளவு ஊதவிடுவது, பொறி விடும் நேரத்தை, அதாவது டைமிங்கை, எங்கே வைப்பது என்று முடிவு செய்வதெல்லாம் ஈசியு.

இவ்வளவிலும் எனக்குப் பெரிதாகப் படுவது நாக் சென்சார்தான். பிளாக்கில் ஒரு போல்ட்டில் இறுக்கியிருக்கும், பார்க்க ஒரு வாஷர் மாதிரி இருக்கும். பொறி விட்டு எரிந்துகொண்டிருக்கும்போது, மிச்சம் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்தால் அதுதான் நாக். உன் சிலிண்டர் 82.5 மில்லிமீட்டர் விட்டம். அந்த அளவுக்கு நாக் சத்தம் கிட்டத்தட்ட 7000 ஹெர்ட்ஸில் வரும். ஈசியு எல்லா நேரமும் அதைக் கேட்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும் அந்தச் சின்ன இடைவெளியில் மட்டும் காது கொடுக்கும். கேட்டால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் டைமிங்கைச் சில டிகிரி பின்னால் இழுக்கும், பிறகு பயந்து பயந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவரும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், அந்தக் காது இல்லாத காலத்தில் நான் வேலை செய்திருக்கிறேன். உனக்கு இதுவரை சொன்னதில்லை. சோழவரம் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடந்த நாட்களில், ஒரு ஃபியட் 1100 எஞ்சினை நான்தான் ட்யூன் செய்தேன். பிக்கப் நன்றாக வந்தது என்று கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி டைமிங்கை இன்னும் இரண்டு டிகிரி முன்னால் வைத்தேன். நேர்ச் சாலையில் டாப் கியரில் அது தட்டியிருக்கிறது. காற்றுச் சத்தத்தில் ஓட்டினவருக்கும் கேட்கவில்லை, ஓரத்தில் நின்ற எனக்கும் கேட்கவில்லை. மூன்றாவது சுற்றில் வெள்ளைப் புகை. பிளக்கைக் கழற்றினால் பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, அதன்மேல் பொடிப்பொடியாக வெள்ளி மணிகள். உருகித் தெறித்த பிஸ்டன் அலுமினியம் அது. ஹெட்டைத் திறந்தபோது இரண்டாவது பிஸ்டனில் சுண்டுவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. அந்த பிளக் இன்னும் என் டூல் பெட்டியில்தான் இருக்கிறது.

சரி, ரீமேப்புக்கு வருகிறேன். போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் மாற்றப் போவது டர்போ எவ்வளவு ஊதலாம் என்ற எண்ணை, டைமிங் டேபிளை, டார்க்குக்குப் போட்டிருக்கும் வரம்பை. அந்த எண்கள் ஒரு குறிப்பிட்ட பெட்ரோலுக்கும் ஒரு குறிப்பிட்ட காற்றுக்கும் எழுதினவை. ஐரோப்பாவில் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு (ஆக்டேன் என்பது பெட்ரோல் நாக்கைத் தாங்கும் அளவு) எழுதின ஃபைலை அப்படியே ஏற்றிவிட்டு, பக்கத்து பங்க்கில் சாதாரண பெட்ரோல் அடித்தால், நாக் சென்சார் ஒவ்வொரு தடவையும் டைமிங்கை இழுத்துக்கொண்டே இருக்கும். சொன்ன பவர் வராது. டைமிங் பின்னால் போகப்போக எக்சாஸ்ட் சூடும் ஏறும், அது டர்போவைத்தான் போய்ப் பிடிக்கும்.

இன்னொன்று, நீ இருப்பது பெங்களூரு. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் குறைவு. சென்னையில் கிடைக்கும் அதே மேனிஃபோல்ட் அழுத்தம் வேண்டும் என்றால் டர்போ அங்கே இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். காற்றும் கூடுதலாகச் சூடாகும். கம்பெனி மேப்பில் இதற்கெல்லாம் இடம் விட்டு வைத்திருப்பார்கள். ஃபைல் எழுதினவர் அந்த இடத்தை எவ்வளவு தின்றிருக்கிறார் என்று கேட்காமல் வண்டியைக் கொடுக்காதே.

அதனால் முதலில் இதைச் செய். புது பிளக் போட்டு, பொறி தாவும் இடைவெளியைச் சரிபார்க்கச் சொல். பிறகு வண்டியை நிற்க வைத்தே ஓட்டி பவரை அளக்கும் உருளை மேடையான டைனோவில் ஏற்றி, வண்டி இப்போது இருக்கிற மேப்பிலேயே, ஒரே கியரில் 2000 முதல் 6000 ஆர்பிஎம் வரை லாக் எடு, அதாவது ஈசியு காட்டும் எண்களைப் பதிவு செய். ரோட்டில் வேண்டாம், கண்ணு. ஒருமுறை சாதாரண பெட்ரோலில், டேங்க்கை நன்றாகக் காலி செய்துவிட்டு இன்னொரு முறை எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலில். ஈசியு கேட்ட பூஸ்ட் (டர்போ கொடுக்கும் அழுத்தம்), வந்த பூஸ்ட், லாம்ப்டா, உள்ளே போகும் காற்றின் சூடு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் எவ்வளவு இழுத்தது, இவ்வளவும் அதில் வர வேண்டும். நாலு சிலிண்டரும் ஒன்றுபோல ஒரு டிகிரி, இரண்டு டிகிரி இழுத்தால் பயமில்லை. ஒன்று மட்டும் எப்போதும் நாலைந்து டிகிரி இழுத்தால், அந்தச் சிலிண்டரின் பிளக்கோ காயிலோ இன்ஜெக்டரோ என்னவென்று கண்டுபிடிக்கிற வரை எந்த ஃபைலும் வேண்டாம். முன்னால் ஓட்டினவர் ஏற்கெனவே ஒரு மேப் போட்டுவிட்டுச் சொல்லாமல் விற்றிருந்தாலும் அந்த பூஸ்ட் வரிசையிலேயே தெரிந்துவிடும்.

லாக் ஃபைலை வாட்ஸப்பில் அனுப்பு, பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. பொங்கலுக்கு வண்டியிலேயே வருகிறாயா, பஸ்ஸிலா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வண்டியில் வந்தால் நாலு பிளக்கையும் கழற்றி, என் பெட்டியில் இருக்கும் அந்தப் பழைய பிளக்குக்குப் பக்கத்தில் வைத்து, நாம் இரண்டு பேரும் வெயிலில் பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா